ஜீரோகோன்டோவில் ஜீரோ இல்லை

ஜெர்மனியில் சம்பளம் வந்து விழுகிற சாதாரண வங்கிக் கணக்குக்கு ஜீரோகோன்டோ என்று பெயர். 2024 பிப்ரவரியில் இங்கே வந்து இறங்கிய மூன்றாம் நாள் அந்தச் சொல் காதில் விழுந்ததும், நம் ஊர் ஜீரோ பேலன்ஸ் அக்கவுண்ட் மாதிரி ஏதோ ஒன்று, இதற்கெல்லாம் காசு பிடிக்க மாட்டார்கள் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். அந்த ஜீரோவுக்கும் பூஜ்யத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சுற்றி வருவது என்ற பொருளில் இத்தாலிய மொழியிலிருந்து வந்த சொல்லாம். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதமும் 446 யூரோவும் ஆயின. அன்றைய மதிப்பில் சுமார் 40,000 ரூபாய். ஊரில் தனியார் மருத்துவமனையில் நர்ஸாக நான் வாங்கிய சம்பளத்தில் இரண்டு மாதத்துக்கும் மேல். அந்தக் கணக்கை ஒரு நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்த இரவு தூக்கம் வரவில்லை. கோபம் வங்கி மேல் பாதி, என் மேல் பாதி.

நாங்கள் நான்கு பேர் ஒரே விமானத்தில் வந்தோம். இருவர் தமிழ்நாடு, இருவர் கேரளா. எல்லோருக்கும் ஜெர்மன் பி1 முடிந்திருந்தது. பி1 என்றால் நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கலாம், ரயில் தாமதம் என்றால் புரியும். வங்கிப் பத்திரத்தில் இருக்கிற ஜெர்மன் வேறு ஜாதி. மருத்துவமனையில் எங்களைக் கவனித்துக்கொள்ள ஒரு ஒருங்கிணைப்பாளர் அம்மா இருந்தார். தங்கமான மனுஷி. முதல் நாள் அறைச் சாவி, இரண்டாம் நாள் நகராட்சியில் முகவரிப் பதிவு, மூன்றாம் நாள் வங்கி என்று வேனில் ஏற்றி ஏற்றி இறக்கினார். வீட்டுக்கு வந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும் என்பது இங்கே சட்டம். அந்தப் பதிவுத் தாள் இருந்தால்தான் மற்ற எல்லாமே நடக்கும். மாதக் கடைசிக்குள் கணக்கு எண் கொடுத்தால்தான் சம்பளம் வரும் என்ற அவசரத்தில், எந்த வங்கி, ஏன் அந்த வங்கி என்று நாங்கள் யாருமே கேட்கவில்லை. அது மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. வேலை கொடுப்பவர் கூட்டிக்கொண்டு போகும் வங்கியில்தான் கணக்கு தொடங்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. அன்றைக்கு அதைக் கேட்கவே கூச்சமாக இருந்தது. கூட்டிக்கொண்டு வந்தவரை அவமதிப்பது போலத் தோன்றியது.

உள்ளே நல்ல காபி கொடுத்தார்கள். ஆலோசகர் ஒருவர் சிரித்த முகத்தோடு, உங்களுக்கு மிகக் குறைந்த கட்டணக் கணக்கையே போட்டிருக்கிறேன், மாதம் 4.90 யூரோதான் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த வங்கியின் விலைப்பட்டியலில் மாதக் கட்டணம் குறைந்த கணக்கு அதுதான். அந்த 4.90க்குக் கீழே, ஒவ்வொரு வரவு செலவுப் பதிவுக்கும் 40 சென்ட் என்று இன்னொரு வரி இருந்தது. பதிவு என்பதற்கு அங்கே இருந்த பூஹுங் என்ற சொல்லின் அர்த்தம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. அடுத்த வரியில் இருந்த கணக்கு மாதம் பத்து யூரோ சொச்சம், பதிவுகளுக்குத் தனிக் காசு இல்லை. மாதம் ஐந்தாறு பரிவர்த்தனை மட்டும் செய்யும் வயதான பாட்டிக்கு முதல் கணக்கு லாபம். எனக்கு இரண்டாவதுகூடப் பரவாயில்லை. என்னிடம் அவர் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி, மாதம் எத்தனை முறை கார்டைத் தேய்ப்பீர்கள் என்பது. அவர் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் பெயர். நம்மில் பலருக்கு இந்தச் சிக்கல் உண்டு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். என் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடம் காலி. கிவன் நேமில் என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து இருக்கின்றன. நகராட்சியில் மொத்தப் பெயரையும் குடும்பப் பெயர் என்று எழுதி, முன்பெயர் கட்டத்தில் ஒரு சிறு கோடு போட்டுவிட்டார்கள். வங்கியின் கணினி அந்தக் கோட்டை ஏற்கவில்லை. குடும்பப் பெயர் இல்லாமல் எப்படி என்று அவர் திகைக்க, சரி அப்பா பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று நானே சொன்னேன். ஊரில் அப்பா எனக்கு இனிஷியல். இங்கே நான் அப்பாவுக்கு இனிஷியல் ஆனேன். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்பது இரண்டு வாரம் கழித்துப் புரிந்தது. இங்கே தபால்காரர் அறை எண்ணைப் பார்ப்பதில்லை, தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைத்தான் பார்க்கிறார். என் பெட்டியில் என் பெயரை மட்டும் ஆசையாக எழுதி ஒட்டியிருந்தேன். கார்டு ஒரு கடிதத்திலும் அதன் ரகசிய எண் இன்னொரு கடிதத்திலும் தனித்தனியாக, திருமதி இன்னார் என்று என் அப்பாவின் பெயருக்கு வந்திருக்கின்றன. அப்படி ஒரு திருமதி இந்தக் கட்டடத்தில் இல்லை என்று இரண்டும் திரும்பிப் போய்விட்டன. மறுபடி அனுப்பி, வந்து சேர மார்ச் பாதி ஆகிவிட்டது.

ஆக, வந்த அன்றே உங்கள் தபால் பெட்டியில் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர் முழுவதையும், அப்பா பெயர், கணவர் பெயர் எது இருந்தாலும் சேர்த்து, அச்சடித்து ஒட்டுங்கள். இன்னும் ஊரிலேயே இருக்கிறீர்கள், விசாவுக்குக் கொடுக்கவில்லை என்றால், பாஸ்போர்ட்டில் பெயரைச் சர்நேம், கிவன் நேம் என்று பிரித்து மறுவெளியீடு வாங்கிவிடுவதுதான் நல்லது. அப்படிச் செய்யும்போது சான்றிதழ்களில் இருக்கும் பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இங்கே வந்த பிறகு மாற்றினால் விசா அட்டை, காப்பீடு, வரி எண், வேலை ஒப்பந்தம் என்று எல்லா இடத்திலும் மாற்றிக்கொண்டே அலைய வேண்டும். நான் இன்னும் மாற்றவில்லை, தெம்பு இல்லை.

கார்டு இல்லாத அந்த மூன்று வாரம் கவுண்டரில் போய் நின்று பணம் எடுத்தேன். மனிதர் கையால் பணம் வாங்கினால் ஒவ்வொரு முறையும் 2.50 யூரோ. நான்கு முறை எடுத்தேன். கையிலிருந்து 10 யூரோ போனதைவிட, பிப்ரவரிக் குளிரில் நைட் டியூட்டி முடித்து, வங்கி திறக்கும்வரை வாசலில் நின்றதுதான் ஞாபகம் இருக்கிறது. கூட வந்த கேரளச் சேச்சி இரண்டாம் முறை எனக்காகத் தன் கார்டில் அரிசி வாங்கிக் கொடுத்தார். அதற்கு அவருக்கு 40 சென்ட் ஆகியிருக்கும் என்பது அப்போது இருவருக்கும் தெரியாது.

கார்டு கையில் வந்ததும் நான் செய்தது, ஊரில் ஜிபே வைத்துக்கொண்டு செய்ததைத்தான். ஊரில் டீக்கு 12 ரூபாய், பூவுக்கு 20 ரூபாய் என்று ஸ்கேன் பண்ணிப் பழகிய கை. இங்கே ஒரு ரொட்டி 1.15 யூரோ, தேய். தண்ணீர் பாட்டில், தேய். மருத்துவமனை கேன்டீனில் சூப், தேய். ஒவ்வொரு தேய்ப்புக்கும் 40 சென்ட். ரொட்டி விலையில் மூன்றில் ஒரு பங்கு. உடனுக்குடன் பிடித்திருந்தால் ஒரு வாரத்தில் விழித்திருப்பேன். என் வங்கியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பிடித்தார்கள். மார்ச் 31 தேதியிட்டு 36.20 யூரோ கழிந்திருந்தது. ஒற்றை வரி, ஒரு நீளமான ஜெர்மன் சொல். ஏதோ வரியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். சம்பளத்தில் அத்தனை பிடித்தம் இருக்கும் நாட்டில் இன்னொரு பிடித்தம் கண்ணை உறுத்தவில்லை. பொதுவாக இப்படிக் காலாண்டுக் கணக்கு முடிப்பு வந்தால் ஆறு வாரத்துக்குள் எதிர்ப்பு தெரிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். அறிக்கைத் தாளின் அடியில் பொடி எழுத்தில் அதுவும் இருந்தது. அந்தத் தாளையுமே நான் கிளையிலிருக்கும் இயந்திரத்தில் போய் அச்செடுக்காமல் விட்டதால், அவர்களாகத் தபாலில் அனுப்பி, அஞ்சல் செலவு என்று மொத்தம் 3.20 யூரோ பிடித்திருந்தார்கள்.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். பெரிய அடி வேறு இடத்தில் விழுந்தது. கணக்கு தொடங்கிய அன்றே கையெழுத்துப் போட்ட தாள்களில் கிரெடிட் கார்டு ஒன்று இருந்தது, ஆண்டுக்கு 36 யூரோ. ஒருமுறைகூட அதை நான் பயன்படுத்தவில்லை. இன்னொன்று பௌஷ்பார். வீடு கட்டச் சேமிக்கும் திட்டம். மாதம் 50 யூரோ போடுங்கள், இதில் சேமித்தால் உங்கள் மருத்துவமனையும் தன் பங்குக்குச் சில யூரோ போடும், இலவசமாக வருவதை ஏன் விட வேண்டும் என்றார் ஆலோசகர். சேமிப்பு என்றதும் நமக்கு ஒரு பலவீனம். சீட்டு, அஞ்சலக ஆர்டி, நகைச் சீட்டு என்று பார்த்து வளர்ந்த வீடு. மாதம் 50 யூரோ பத்திரமாக ஒதுங்குகிறது என்று அம்மாவிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். ஒப்பந்தத் தொகை 20,000 யூரோ, அதில் நூற்றுக்கு ஒன்று தொடக்கக் கட்டணம், அதாவது 200 யூரோ. முதல் நான்கு மாதம் நான் போட்ட பணம் முழுதும் அந்தக் கட்டணத்துக்கே போயிருக்கிறது. நான்கு மாதச் சேமிப்புக்குப் பிறகு என் சேமிப்பு பூஜ்யம். ஒருவழியாக அங்கேதான் ஜீரோவைப் பார்த்தேன். பௌஷ்பார் மோசடி இல்லை. இங்கேயே வாழ்ந்து வீடு வாங்கப் போகிறவர்கள் பலர் போடுகிறார்கள். வந்து மூன்று நாள் ஆன, படிப்பு அங்கீகாரம் இன்னும் கிடைக்காத, அடுத்த வருடம் எந்த ஊரில் இருப்போம் என்று தெரியாத ஒருத்தியின் தலையில் அதைக் கட்டியதுதான் தவறு. என் தாளில் 14 நாளுக்குள் ஒப்பந்தத்தைத் திரும்பப் பெறலாம் என்று எழுதியிருந்தது. அதைப் படித்தபோது நான்கு மாதம் ஓடியிருந்தது. கணக்கு தொடங்கப் போகும் நாளில் கணக்கு மட்டும் தொடங்குங்கள். வேறு எந்தத் தாளை நீட்டினாலும், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லலாம். இங்கே யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. நாம்தான் முகம் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம்.

ஊருக்குப் பணம் அனுப்பியதும் இதே கதைதான். ஜெர்மன் படிக்க வாங்கிய கடனுக்கு மாதத் தவணை. வங்கியிலிருந்தே அனுப்பினால் பாதுகாப்பு என்று நினைத்து, மார்ச் முதல் ஜூலை வரை ஐந்து முறை அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் 15 யூரோ கட்டணம், ஆக 75. நடுவில் இருக்கும் வங்கி எடுத்துக்கொண்டதும், யூரோவை ரூபாயாக மாற்றும் விகிதத்தில் குறைந்ததும் இந்தக் கணக்கில் சேரவில்லை. பணம் அனுப்புவதற்கென்றே இருக்கும் செயலிகளில் இதில் சிறு பங்குதான் ஆகிறது. கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். இங்கே இத்தனை யூரோ போட்டால் அங்கே எத்தனை ரூபாய் கையில் கிடைக்கும் என்ற ஒரே எண்ணை வைத்து ஒப்பிடுங்கள். கட்டணம் இல்லை என்று விளம்பரம் செய்துவிட்டு மாற்று விகிதத்தில் எடுப்பவர்களும் உண்டு. இன்னொன்று, வெளிநாட்டில் வேலைக்கு வந்துவிட்டால் ஊரிலிருக்கும் நம் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். இங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்ஆர்இ கணக்கு வசதி. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஊர்க் கிளை மேலாளர் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் இது எனக்குத் தெரியும்.

விடிவு இங்கே ஹம் நகரில் இருக்கும் காமாட்சி அம்பாள் கோயில் திருவிழாவில் வந்தது. சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இலங்கைத் தமிழ் அன்ரி ஒருவர், எண்பதுகளில் வந்தவர், எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு சம்பளம், எவ்வளவு மிச்சம் பிடிக்கிறீர் என்று விசாரித்தார். மாதக் கடைசியில் எங்கே போகிறது என்றே தெரியவில்லை அன்ரி என்றேன். "அடுத்த ஞாயிறு வீட்டை வாரும் பிள்ளை, கணக்குத் தாளையும் கொண்டு வாரும், என்ன எழுதிக் கிடக்கெண்டு பாப்பம்" என்றார். போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மார்ச் மாத அறிக்கையை வரிவரியாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு நிமிர்ந்து, "இதென்ன கூத்து பிள்ளை, பாணுக்கும் காசு, பாண் வாங்கினதுக்கும் காசோ?" என்றார். பாண் என்றால் அவர்கள் தமிழில் ரொட்டி. அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் இரண்டு இடியப்பத்தை வைத்துவிட்டு, நோட்டும் பேனாவும் எடுத்து வந்தார். 446 என்ற எண் பிறந்தது அங்கேதான். அன்றைக்கு அது முந்நூற்றுச் சொச்சம். ஜூலை முடிவதற்குள் 446 ஆகிவிட்டது. மாதக் கட்டணம் 29.40, பதிவுகள் 231க்கு 92.40, மற்றவை மேலே சொன்னபடி.

அன்ரியிடம் கற்றதும், பிறகு நானே தேடிப் படித்ததும் இனி. இங்கே எந்த வங்கியாக இருந்தாலும் கணக்கு தொடங்கும் முன்பு என்ட்கெல்ட்-இன்ஃபோர்மாட்சியோன் என்ற கட்டண விவரத் தாளைக் கொடுத்தாக வேண்டும், 2018 அக்டோபர் கடைசியிலிருந்து இது கட்டாயம். எல்லா வங்கிக்கும் ஒரே அமைப்பு, ஒரே சொற்கள், இரண்டு மூன்று பக்கம்தான். மாதக் கட்டணம், பணம் அனுப்ப, கார்டுக்கு, பணம் எடுக்க, மிகைப்பற்று (ஓவர்டிராஃப்ட்) வட்டி என்று வரிசையாக இருக்கும். இரண்டு வங்கித் தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பி1 ஜெர்மனே போதும். எனக்கும் அது கொடுக்கப்பட்டிருக்கிறது. கையெழுத்துப் போட்ட கோப்பின் நடுவில் பத்திரமாக இருந்தது. இப்போது இன்னும் எளிது. பாஃபின் என்ற வங்கிக் கண்காணிப்பு அமைப்பு 2025 ஜனவரியிலிருந்து கணக்குகளை ஒப்பிட்டுப் பார்க்க இலவச இணையதளம் நடத்துகிறது. விளம்பரம் கிடையாது, கமிஷன் கிடையாது. தனியார் ஒப்பீட்டுத் தளங்களில் முதலில் வருவது எப்போதும் மலிவானது என்று நம்ப வேண்டாம்.

கட்டணமே இல்லாத கணக்குகள் உண்டு. நிபந்தனையோடு வரும். சம்பளமாக மாதம் இத்தனை யூரோ வர வேண்டும், அல்லது வயது இத்தனைக்குள் இருக்க வேண்டும், அல்லது மாணவராக இருக்க வேண்டும். சம்பளம் என்றால் வேலை கொடுப்பவரிடமிருந்து வருவதா, நாமே வேறு கணக்கிலிருந்து போட்டுக்கொண்டாலும் சரியா என்று கேளுங்கள். நம் ஆட்களில் பிரசவ விடுப்பு, வேலை மாற்றம், ஒரு மாதம் ஊருக்குப் போவது எல்லாம் சகஜம். அந்த மாதம் சம்பளம் வராவிட்டால் கட்டணம் எவ்வளவு என்பதுதான் அந்தக் கணக்கின் உண்மையான விலை. அடுத்து கார்டு. இணைய வங்கிகள் பெரும்பாலும் விசா அல்லது மாஸ்டர்கார்டு டெபிட் கார்டைத் தான் இலவசமாகத் தருகின்றன. ஜீரோகார்டு என்ற உள்ளூர்க் கார்டுக்குச் சில இடங்களில் தனிக் காசு. சின்ன பேக்கரி, பல் மருத்துவர், சில அலுவலகங்களில் அந்த உள்ளூர்க் கார்டு மட்டும்தான் எடுபடும், அல்லது ரொக்கம். நான் ஜீரோகார்டு இல்லாமல் ஒன்றரை வருடமாக ஓட்டுகிறேன், பர்ஸில் 30 யூரோ ரொக்கம் வைத்துக்கொண்டால் போதும். ரொக்கம் எடுக்கத் தன் வங்கிக் கூட்டமைப்பின் ஏடிஎம்மைத் தேட வேண்டும், மற்றதில் எடுத்தால் நான்கைந்து யூரோ வரை போகும். திரையில் எவ்வளவு என்று காட்டுவார்கள், அப்போது ரத்து செய்துவிடலாம். பல சூப்பர் மார்க்கெட்டுகளில் சாமான் வாங்கிவிட்டு கல்லாவிலேயே பணம் எடுக்கலாம். எனக்கு அதுவே பழகிவிட்டது.

ஐபான் என்ற நீளமான கணக்கு எண் வேறு நாட்டு எழுத்தில் தொடங்கும் இணையக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லிதுவேனியா எண் வேண்டாம், டிஇ என்று தொடங்கும் எண்தான் வேண்டும் என்று செல்போன் கம்பெனியோ சம்பளப் பிரிவோ சொன்னால் அது சட்டப்படி செல்லாது. 2012ல் வந்த ஐரோப்பிய விதியின் 9ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. ஆனாலும் வந்த முதல் மாதம் சட்டம் பேசிக்கொண்டு நிற்க யாருக்கு நேரம்? சம்பளத்துக்கு ஜெர்மன் எண் உள்ள கணக்கே வைத்துக்கொள்வது நிம்மதி. வருமானம் இல்லை, கடன் வரலாறு இல்லை என்று எல்லோரும் கைவிரித்தாலும் பஸிஸ்கோன்டோ என்ற அடிப்படைக் கணக்கு உண்டு. 2016லிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் யாருக்கும் அது உரிமை, அகதிகளுக்கும் வீடில்லாதவர்களுக்கும் சேர்த்து. விண்ணப்பித்துப் பத்து வேலை நாளுக்குள் வங்கி முடிவைச் சொல்ல வேண்டும், மறுத்தால் பாஃபினிடம் போகலாம். பெயரில் அடிப்படை என்று இருப்பதால் மலிவு என்று நினைத்துவிடாதீர்கள். பல வங்கிகளில் சாதாரணக் கணக்கைவிட அதற்குத்தான் கட்டணம் அதிகம். மாதம் 8.99 யூரோ வாங்கிய ஓர் அடிப்படைக் கணக்கின் கட்டணம் அதிகப்படி என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றமே 2020ல் சொன்னது.

நான் சம்பளம் வந்தால் கட்டணம் இல்லாத ஓர் இணைய வங்கியைத் தேர்ந்தெடுத்தேன். ஆளை உறுதிப்படுத்தும் கட்டத்தில் மறுபடி பெயர் வந்து நின்றது. வீடியோ அழைப்பில் பாஸ்போர்ட்டை இப்படித் திருப்பு, அப்படிச் சாய் என்று பத்து நிமிடம் பார்த்துவிட்டு, இந்த ஆவணத்தை வீடியோவில் ஏற்க முடியாது என்று துண்டித்துவிட்டார்கள். அதிர்ச்சி அடைய வேண்டாம், நம் பாஸ்போர்ட்டுக்கு இது நடக்கிறது. அதே வங்கி போஸ்ட்இடென்ட் என்று ஒரு தாள் தரும். அதை அச்செடுத்துத் தபால் நிலையத்தில் பாஸ்போர்ட்டோடு கொடுத்தால் அங்கே உள்ளவர் பார்த்துக் கையெழுத்திடுவார். எனக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து விண்ணப்பத்தில் போட்டிருந்தேன்.

பழைய கணக்கிலிருந்து மாறுவது பெரிய தலைவலி என்று பயந்துதான் பலர் அப்படியே இருக்கிறார்கள். புது வங்கியில் கணக்கு மாற்ற உதவி என்று ஒரு படிவம் கேளுங்கள். அதில் கையெழுத்துப் போட்டால், கடந்த 13 மாதத்தில் நம் கணக்கிலிருந்து தானாகப் பிடித்தவர்கள், நிலையான கட்டளைகள் எல்லாவற்றையும் பழைய வங்கி பட்டியலிட்டுப் புது வங்கிக்குக் கொடுக்க வேண்டும். 2016லிருந்து இது அவர்களின் கடமை. நான் கூடுதலாகச் செய்தது ஒன்றுதான்: சம்பளப் பிரிவுக்கு நேரில் போய்ப் புது எண்ணைக் கொடுத்தேன், ஒரு சம்பளம் புதுக் கணக்கில் வந்து விழுந்ததைப் பார்த்த பிறகே பழையதை மூடக் கடிதம் எழுதினேன். கிரெடிட் கார்டுக்கும் பௌஷ்பாருக்கும் தனித்தனிக் கடிதம். கணக்கை மூடினால் அவையும் மூடிவிடும் என்று நினைத்தால் தப்பு. பௌஷ்பாரில் மொத்தம் 250 யூரோ போட்டிருந்தேன், மூன்று மாத அறிவிப்புக் காலம் முடிந்து 50 யூரோ திரும்பி வந்தது.

பெயர் விஷயம் இப்போது இன்னும் கூர்மையாகிவிட்டது. 2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாடுகளில் ஒருவருக்குப் பணம் அனுப்பும்போது, பெயரும் ஐபானும் பொருந்துகிறதா என்று வங்கி பார்த்துச் சொல்ல வேண்டும். தீபாவளிக்குச் சேர்ந்து இனிப்பு வாங்கியதற்குத் தோழிகள் எனக்குப் பணம் அனுப்பினால், பெயர் பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வருகிறதாம். அவர்கள் என்னைக் கூப்பிடும் பெயர் வங்கியில் இல்லையே. அதனால் வங்கியில் எப்படி இருக்கிறதோ அதை அப்படியே நகலெடுத்து எல்லோருக்கும் அனுப்பி வைத்திருக்கிறேன், அப்பா பெயரோடு.

போன மாதம் புதிதாக ஐந்து நர்ஸ்கள் வந்தார்கள், மூன்று பேர் திருவண்ணாமலைப் பக்கம். அதே அம்மா, அதே வேன், அதே வங்கி. மொழிபெயர்க்க நானும் வரட்டுமா என்று கேட்டேன், சந்தோஷமாக ஏற்றிக்கொண்டார். காபி வந்தது. ஆலோசகர் வேறு ஆள், இளைஞர். கோப்பைத் திறந்து மாதம் இவ்வளவுதான் என்று தொடங்கினார். கையெழுத்துக்கு முன்னால் இவர்கள் ஒவ்வொருவருக்கும் என்ட்கெல்ட்-இன்ஃபோர்மாட்சியோன் தனியாக ஒரு பிரதி வேண்டும், எல்லாக் கணக்கு வகைக்கும் என்று கேட்டேன். "எல்லா வகைக்குமா?" என்றார். ஆமாம் என்றேன். எழுந்து அச்சு இயந்திரத்துக்குப் போனார். பக்கத்தில் இருந்த பெண், "அக்கா, ஜீரோகோன்டோன்னா ஜீரோ பேலன்ஸ்தானே?" என்று என் காதில் கேட்டாள்.